டவர் பேசினால் வானம் பேசாது

ஆகஸ்ட் 3

கூந்தல்பாறை எஸ்டேட்டுக்கு வந்து சேர்ந்தோம். நல்ல மழை. ஜீப்பை விட்டு இறங்கிப் பத்தடி நடப்பதற்குள் காலில் அட்டை. டிரைவர் இசக்கிமுத்து தன் காலில் இருந்ததைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "மேடம், நாம டவர் வேலைக்கு வந்தோமா, ரத்ததானம் பண்ண வந்தோமா?" என்றான். அவன் திருச்செந்தூர்ப் பக்கம், நான் கோவில்பட்டி. சென்னை ஆபீசில் மறந்துபோயிருக்கும் எங்கள் ஊர்ப் பேச்சு, அவனோடு ஜீப்பில் ஏறினால் தானாக வாயில் வந்துவிடும்.

தங்குவதற்கு, தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயன் வீடுகளில் பாக்கியம் என்ற அம்மாவின் முன்னறை கிடைத்தது. கொழுந்து பறிக்கப் போகிறவர். என்ன வேலைம்மா உனக்கு என்று கேட்டார். என்னிடம் அதைக் கேட்டிருக்கக் கூடாது, நான் ஆரம்பித்தால் விடமாட்டேன். வானத்தில் சாட்டிலைட்கள் போகின்றன, அவை நம் கையில் இருக்கும் சாதாரண செல்போனோடு நேராகப் பேசும், குறுஞ்செய்தி அனுப்பலாம் வாங்கலாம் என்றேன். ஆனால் அவை பேசுகிற அலைவரிசையும் இந்த டவர் பேசுகிற அலைவரிசையும் ஒன்றுதான். ஒரே தெருவில் இரண்டு கல்யாண வீட்டு மைக்செட் அலறினால் யாருக்கு என்ன புரியும்? அதனால் ஓர் ஏற்பாடு. கீழே டவர் பேசினால் மேலே சாட்டிலைட் வாயை மூடிக்கொள்ள வேண்டும். டவர் அரை நாள் தொடர்ந்து ஊமையாக இருந்தால், சரி இங்கே யாரும் இல்லை என்று அது வாயைத் திறக்கும். இது இன்னும் சோதனையில்தான் இருக்கிறது. டவர் இருக்கிற இடத்தில் சாட்டிலைட் ஒழுங்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறதா என்று அளப்பது என் வேலை.

"வாயை மூடிட்டிருக்கான்னு பாக்கறதுக்கு ஆளு போட்டிருக்காங்களா?" என்றார் பாக்கியம். "எங்க மேஸ்திரி காதுல விழுந்துறப் போகுது."

ஆகஸ்ட் 4

அளந்தேன். வானம் படு ஒழுங்கு. ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை. அறிக்கையில் எழுத நன்றாக இருக்கும்.

டவரைப் பார்த்துக்கொள்பவர் வனராஜ். ஐம்பது வயது இருக்கும். அவர் வீடு ஓடைக்கு அந்தப் பக்கம், எஸ்டேட் டிஸ்பென்சரிக்கு அருகில். மனைவியும் மகளும் அங்கே. கரண்ட் போனால் ஜெனரேட்டரைக் கிளப்புவது இவர் பொறுப்பு. அதன் செல்ஃப் சுவிட்ச் எரிந்து, பேட்டரியும் செத்து மாதக்கணக்காகிறதாம். புகார் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார். நேற்று கரண்ட் போனபோது ஜீப் பேட்டரியிலிருந்து ஒயர் போட்டு, எதையோ நேராகத் தட்டிக் கிளப்பியிருக்கிறார்கள். இன்றும் கரண்ட் வரவில்லை, ஜெனரேட்டரை நிறுத்தாமலே ஓட்டுகிறார். ஓடும்போதே டீசல் ஊற்றுகிறார். பார்க்கவே பயமாக இருக்கிறது. "நிறுத்தினா மறுபடி கிளம்புமான்னு உறுதியாச் சொல்ல முடியாது மேடம்" என்றார்.

எங்கள் சோதனைக்காக டவரில் புதுப் பெட்டி ஒன்று மாட்டியிருக்கிறோம். அடிவாரத்திலிருந்து வரும் கேபிள் அறுந்துபோனாலும், இந்த டவருக்குக் கீழே இருப்பவர்கள் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்ளலாம். வனராஜுக்கு அதில் நம்பிக்கை இல்லை.

ஆகஸ்ட் 6

காலையில் மலை இறங்கிவிட்டது. முதலில் சத்தம், பிறகு வாசனை, பச்சை மண்ணும் நசுங்கிய தேயிலையும் கலந்த வாசனை. ஓடைப் பாலம் இல்லை. ஓடையே இல்லை. அந்தப் பக்கத்துக்கும் எங்களுக்கும் நடுவில் சிவப்புச் சேறு ஒன்று இன்னமும் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது. அடிவாரத்துக்குப் போகும் ரோடும் இரண்டு திருப்பத்துக்கு அப்பால் அப்படியே காணவில்லை.

இசக்கிமுத்து ஜீப்பை மேட்டுக்கு ஏற்றிவிடலாம் என்று ஓடினான். நான்தான் ஜீப்பில் அளக்கும் கருவி இருக்கிறது என்று கத்தினேன். பாறை ஜீப்பையும் அவன் இடது காலையும் சேர்த்து நசுக்கியது. முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே தெரிந்தது. ஆண்கள் எல்லாரும் சேர்ந்து கடப்பாரை போட்டு நெம்பி எடுத்தார்கள். பாக்கியம் வீட்டு முன்னறையில் படுக்க வைத்திருக்கிறோம். ஜீப் பள்ளத்தில். பேட்டரியும் அதோடு.

கருவி என் பையில்தான் இருந்தது.

ஆகஸ்ட் 7

கேபிள் போய்விட்டது. வெளியே யாருக்கும் போன் போகவில்லை. ஆனால் எங்கள் பெட்டி வேலை செய்கிறது! டிஸ்பென்சரி நர்ஸ் ஜெபக்கனி சிஸ்டரின் நம்பரைப் பாக்கியம் கொடுத்தார். அடித்தேன், எடுத்துவிட்டார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நாளெல்லாம் ஒரே பேச்சு. போன்களுக்கு இங்கே ஜெனரேட்டரில் சார்ஜ், அங்கே டிஸ்பென்சரி சோலாரில். வனராஜ் டவர் அடியில் நின்று மகள் தர்ஷினியோடு பேசினார், "சாப்பிட்டியா, சாப்பிட்டியா" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் வந்து, பெட்டியைப் பற்றித் தப்பாகப் பேசிவிட்டேன் என்று கும்பிட்டார்.

சிஸ்டரை நான் நேரில் பார்த்ததில்லை. குரலை வைத்தே பயமாக இருக்கிறது.

"வெந்நில உப்புப் போட்டுக் கழுவுனீங்களா?"

"கழுவினேன் சிஸ்டர்."

"கிட்டப் போய் மோந்து பாருங்க."

"என்ன?"

"வெக்கப்படாம மோந்து பாருங்கம்மா. எனக்குக் கண்ணு அங்க இல்ல. உங்க மூக்குதான் எனக்குக் கண்ணு. என்ன வாடை?"

ரத்த வாடை மட்டும்தான் என்றேன். சரி, நல்லது என்றார். டீத்தூள் பெட்டிப் பலகையை உடைத்து இருபுறமும் வைத்துக் கட்டச் சொன்னார். எங்கே இறுக்க வேண்டும், எங்கே கூடாது, கால் விரல் நகத்தை அமுக்கி விட்டால் எத்தனை சீக்கிரம் சிவக்கிறது, எல்லாம் அவர் சொல்லச் சொல்லச் செய்தேன். மேஸ்திரியின் முதலுதவிப் பெட்டியில் மாத்திரை கொஞ்சம் இருந்தது. ஊசி மருந்து அவரிடம் இருக்கிறது, நடுவில் சேறு.

"யாரையாவது அனுப்பட்டுமா சிஸ்டர், வாங்கிட்டு வர?"

"இந்த மண்ணுல கால வச்சா உள்ள இழுத்துரும். நகந்துட்டே இருக்கு. ஒரு உசுருக்காக இன்னொரு உசுரா? யாரும் இறங்கக் கூடாது, சொல்லிட்டேன்."

ஆகஸ்ட் 8

மழை. கஞ்சி. டீசல். மோந்து பார்த்தேன்.

ஆகஸ்ட் 9

கீழே போக வழி தேடிப் போன இரண்டு பேர் சேறும் சிராய்ப்புமாகத் திரும்பி வந்தார்கள். எங்கேயும் கால் ஊன்ற இடம் இல்லையாம். மேகத்துக்கு மேலே ஒருமுறை ஹெலிகாப்டர் சத்தம். எல்லாரும் வாசலுக்கு ஓடினோம். அது வேறெங்கோ போய்விட்டது. மலை முழுக்கச் சேதம் என்றால் இவ்வளவு சின்ன எஸ்டேட் யார் ஞாபகத்துக்கு வரும்? மேகம் மூடியைப் போட்டு மூடினாற்போல் எங்கள் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது. முன்னறையில் இரண்டு எட்டு வைத்தால் சுவர், வெளியே இருபது எட்டு வைத்தால் சேறு. எனக்கு மூச்சு முட்டுகிறது.

இசக்கிமுத்து, "மேடம், நீங்க ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்கிய? காலு என்னுதுல்லா?" என்கிறான். சிரிக்கவைக்கப் பார்க்கிறான். ஜுரம் அடிக்கிறது.

எல்லார் வீட்டிலும் போனைப் பார்த்துப் பார்த்து, சிக்னல் முழுசாக இருக்கிறதே, ஏன் வெளியே போகவில்லை என்று என்னிடம் கேட்கிறார்கள். கேபிள் இல்லை என்கிறேன். அது உண்மைதான்.

டவரை நிறுத்தினால் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. நானும் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

ஆகஸ்ட் 10

கட்டைவிரல் நகம் அமுக்கி விட்டால் சிவக்கவில்லை. விரல்கள் கறுத்த நீலம். மோந்து பார்த்தேன். சிஸ்டரிடம் சொன்னேன். இன்னொரு தடவை நகத்தை அமுக்கிப் பார்க்கச் சொன்னார். பிறகு, "அவன பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். போகலைன்னா காலு மட்டும் போகாது" என்றார்.

டவர் மேட்டுக்குப் போனேன். வனராஜ் நெளிந்த வாளியில் டீசல் வடிகட்டிக்கொண்டிருந்தார். எஸ்டேட் ஷெட்டில் கேன்களில் மிச்சமிருந்ததையெல்லாம் திரட்டிக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். அவரிடம் சொன்னேன். மேலே சாட்டிலைட்கள் போய்க்கொண்டே இருக்கின்றன, நம் டவர் சத்தம் கேட்பதால்தான் அவை சும்மா இருக்கின்றன, அரை நாள் டவரை அமைதியாக வைத்தால் வானம் திறக்கும், ஒரு குறுஞ்செய்தி போனால் போதும் என்றேன்.

அவர் வாளியைக் கீழே வைத்தார்.

"இது உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும் மேடம்?"

"அதுதான் என் வேலை."

"இத்தனை நாளும் உசுரக் கொடுத்து இத ஓட்டிக்கிட்டிருக்கேன். நீங்க பாத்துக்கிட்டுதான இருந்தீங்க?"

"நிறுத்தினா நீங்க உங்க மகளோட பேச முடியாது. சிஸ்டர் இல்லாம இசக்கிமுத்துவ என்னால பாத்துக்க முடியாது. வானம் திறக்கலைன்னா, இது மறுபடி கிளம்பவும் இல்லைன்னா, ரெண்டும் போச்சு. இந்த மழையில யாரும் சோதிச்சுப் பாத்ததில்ல வனராஜ்."

"திறக்குமா, திறக்காதா? அத மட்டும் சொல்லுங்க."

தெரியாது என்றேன். என் வாழ்க்கையில் இவ்வளவு வெட்கப்பட்டு அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

அவர் வாளியைத் தூக்கி ஜெனரேட்டரில் ஊற்றினார்.

ஆகஸ்ட் 11

இசக்கிமுத்துவுக்குப் பேச்சு குழறுகிறது. என்னைத் தன் அக்கா என்று நினைத்து, மீன் குழம்பு ஆறிப்போயிரும் என்கிறான். பாக்கியம் அவன் தலைமாட்டில் உட்கார்ந்து அழுகிறார்.

மத்தியானம் வனராஜ் தானாகவே வந்தார். வாசலிலேயே நின்று அவனைப் பார்த்தார். "நாளைக்குக் காலையில நிறுத்திரலாம் மேடம். ஆனா அந்தப் பக்கம் முன்னாடியே சொல்லிருங்க. திடீர்னு போன் செத்துப்போனா, டவரே சாஞ்சிருச்சுன்னு பதறிருவாங்க. சிஸ்டர்கிட்ட சொன்னாப் போதும், அவங்க எல்லாருக்கும் சொல்லிருவாங்க. எம் பொண்ணுகிட்ட நான் சொன்னா அழுவா, நானும் மனசு மாறிருவேன்." சரி என்றேன்.

சாயங்காலம் சிஸ்டருக்கு அடித்தேன். குரல் களைத்திருந்தது. அந்தப் பக்கமும் காயம்பட்டவர்கள் இருக்கிறார்கள். நெற்றியில் ஈரத்துணி போடுவது, தண்ணீர் எவ்வளவு கொடுப்பது எல்லாம் சொன்னார். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். டவரை நிறுத்தப்போவதை மட்டும் சொல்லவில்லை. வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டால்? அவர் குரலை மீறி எதையும் செய்ய எனக்கு இந்த நாட்களில் பழக்கமில்லை.

"விடிஞ்சதும் கூப்பிடுங்க. கறுப்பு எவ்வளவு ஏறியிருக்குன்னு பாத்துச் சொல்லணும். கூப்பிடாம இருந்துறாதீங்கம்மா, என்ன?"

கூப்பிடுகிறேன் என்றேன். பாவம், தூங்கட்டும். காலையில் சொல்லிக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 12

விடியற்காலை. வனராஜும் நானும் டவர் மேட்டில். சிஸ்டரிடம் சொல்லியாகிவிட்டதா என்று கேட்டார். தலையை ஆட்டினேன். அவர் ஜெனரேட்டரை அணைத்தார். டவரில் இருந்த சின்ன பேட்டரியின் ஒயர்களையும் கழற்றினார். கையிலிருந்த போனில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாகக்கூட அல்ல, ஒரேயடியாகப் போயின. இத்தனை நாளும் காதில் அடித்துக்கொண்டிருந்த சத்தம் நின்றதும் மழைச் சத்தம் பெரிதாகக் கேட்டது.

மத்தியானம். ஒன்றும் இல்லை. கருவியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இந்தப் பக்கத்து ஆட்கள் வந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். யாரும் என்னோடு பேசவில்லை. இசக்கிமுத்துவின் கறுப்பு கணுக்காலைத் தாண்டிவிட்டது. இதை யாரிடம் சொல்வது?

சாயங்காலம். வந்துவிட்டது! கருவியின் திரையில் முதலில் புழுப்போல ஒரு நெளிவு, பிறகு நேராக ஒரு கோடு. வானம் வாயைத் திறந்துவிட்டது. மேகமாவது மழையாவது. மீட்புக் கட்டுப்பாட்டு அறைக்கு இடம், ஆட்கள், கால், எல்லாம் எழுதித் தட்டினேன். 'சேர்ந்தது' என்று காட்டியது. நான் வனராஜின் தோளைப் பிடித்துக் குலுக்கினேன், அவர் அழுதார், பாக்கியம் குலவை போட்டார். நான் சந்தோஷமாக இருந்தேன். அதை எழுதிவைத்தாக வேண்டும். அந்த நேரம் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன்.

பிறகு என் போன் வரிசையாக அடித்தது. அனுப்ப முடியாமல் நாளெல்லாம் காத்துக் கிடந்த செய்திகள். எல்லாம் சிஸ்டரிடமிருந்து.

"விடிஞ்சிருச்சு. ஏன் கூப்பிடல?"

"போன் போகல. டவர் விழுந்துருச்சா? நீங்க எல்லாரும் பத்திரமா?"

"கறுப்பு கணுக்கால தாண்டிருந்தா ஊசி போட்டே ஆகணும். இனிமே காத்திருக்க முடியாது."

"ஊசி எடுத்துட்டுக் கிளம்பிட்டேன். மேல பாறை ஓரமா வழி இருக்கற மாதிரி தெரியுது. அவன முழிச்சிருக்க வைங்க."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

இவை இப்போது வந்து சேர்கின்றன என்றால் அவருடைய போன் எங்கேயோ வானத்தைப் பார்த்தபடி, உயிரோடு இருக்கிறது. "வராதீர்கள் சிஸ்டர், திரும்பிப் போங்கள், ஹெலிகாப்டர் வருகிறது" என்று அனுப்பினேன். 'சேர்ந்தது.' மறுபடி அனுப்பினேன். 'சேர்ந்தது.' எங்கே இருக்கிறீர்கள் என்று அனுப்பினேன். 'சேர்ந்தது.' பதில் வரவில்லை. சேற்று விளிம்பில் நின்று தொண்டை கிழியக் கூப்பிட்டோம். இருட்டும்வரை கூப்பிட்டோம்.

ஆகஸ்ட் 13

காலையில் மேகம் சற்று விலகியது, ஹெலிகாப்டர் வந்தது. இசக்கிமுத்துவைக் கயிற்றுத் தொட்டிலில் ஏற்றினார்கள். கூட வந்த டாக்டர் காலைப் பார்த்துவிட்டு, முழங்காலுக்குக் கீழே போகும், ஆள் பிழைப்பான், இன்னும் ஒரு நாள் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார். யார் இவ்வளவு நன்றாகக் கட்டியது என்று கேட்டார்.

மீட்புக்குழுவில் ஐந்து பேர் தங்கிவிட்டார்கள். பாறை ஓரத்தில் கயிறு கட்டித் தேடுகிறார்கள். அவர்களில் ஒருவர் குறிப்பெடுத்துக்கொள்ள என்னிடம் வந்தார். ஆள் எப்படி இருப்பாங்க, உயரமா, குள்ளமா, என்ன வயசு என்று கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. குரல் எப்படி இருக்கும் என்று மட்டும் சொல்லத் தெரிந்தது.

மத்தியானத்துக்கு மேல் என் செய்திகள் அவர் போனில் சேரவில்லை. பேட்டரி தீர்ந்திருக்கும்.

டவர் கிளம்பவில்லை. வனராஜ் காலையிலிருந்து முயன்று பார்த்து விட்டுவிட்டார். யாருக்கும் இப்போது அது அவசரமாகவும் இல்லை. எல்லார் போனிலும் வானம் இருக்கிறது.

ஆகஸ்ட் 14

தேடுகிறார்கள். ஒரு செருப்பு கிடைத்தது. அவருடையதா என்று இந்தப் பக்கம் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

ஹெலிகாப்டர் மறுபடி வந்தது. ஓர் இடம் இருக்கிறது, நீங்கள் ஏறிக்கொள்ளுங்கள் மேடம் என்றார்கள். பாக்கியத்தின் கைக்குழந்தைப் பேரனையும் மருமகளையும் ஏற்றிவிட்டேன். நான் ஏறவில்லை. ஆபீசிலிருந்து செய்தி வந்திருக்கிறது, மலைப்பகுதியில் இந்த அலைவரிசைப் பகிர்வுமுறை வெற்றிகரமாக வேலை செய்திருக்கிறது, வாழ்த்துகள், அளவுகளை உடனே அனுப்பவும் என்று. போனைக் கவிழ்த்து வைத்தேன்.

சாயங்காலம் வனராஜ் வந்தார். என்னோடு பேசி இரண்டு நாளாகிறது. தன் போனை நீட்டினார். மகள் தர்ஷினி நேற்றிலிருந்து இதையே அனுப்பிக்கொண்டிருந்தாள்: "அப்பா, சிஸ்டர் உங்ககிட்ட வந்து சேந்துட்டாங்களா? இங்க எல்லாரும் கேக்கறாங்க."

"நீங்களே எழுதுங்க மேடம்" என்றார். "என்கிட்ட சொன்ன மாதிரி தலைய ஆட்டிட்டுப் போயிறாதீங்க."

அவர் முன்னாலேயே எழுதினேன். சிஸ்டர் வரவில்லை. டவர் சாயவில்லை, வெளியே செய்தி அனுப்புவதற்காக நான்தான் நிறுத்தச் சொன்னேன். நிறுத்துவதற்கு முன்பே சிஸ்டரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இப்படிக்கு வடிவு. அனுப்பினேன். 'சேர்ந்தது' என்று காட்டியது.

வனராஜ் போகாமல் நின்றார். நானும் நின்றேன். வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது.

"சொல்லிருந்தீங்கன்னா நாங்க அவங்கள போக விட்டிருக்க மாட்டோமே அக்கா."